மயக்கமுற்ற முக்குளிப்போருக்கு உயிர்வளி அளித்தல்: இராமநாதபுரக் கடற்கரையை முன்வைத்து

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் சங்கு குளித்தல் தொன்மையான தொழிலாகும். மூச்சடக்கி மூழ்கும் மரபு முறையோடு, படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்துக் கடலடியில் நெடுநேரம் தங்கும் முறையும் பின்னர் வழக்கிற்கு வந்தது. ஸ்கூபா முறையைப் போலவே இதிலும் அழுத்தக் காற்றே சுவாசிக்கப்படுவதால், இரண்டிலும் நேரும் இடர்கள் பெரிதும் ஒத்தவை. மயக்கமுற்று மேலே கொணரப்படுபவருக்கு உயிர்வளி (ஆக்சிஜன்) அளிக்கையில் நேரக்கூடிய இடர்களை இக்கட்டுரை விளக்குகிறது.

நச்சாகும் என்னும் அச்சம்

மிகை அழுத்தத்தில் உயிர்வளி வலிப்பை உண்டாக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நீரடியில் உயிர்வளியின் பகுதி அழுத்தம் 1.6 வளிமண்டலத்தைக் கடக்கலாகாது என்பது இன்றைய பொது வரையறை. ஆனால் படகின் தளத்தில் தூய உயிர்வளியைச் சுவாசித்தாலும் அவ்வழுத்தம் 1 வளிமண்டலத்தைத் தாண்டுவதில்லை. நுரையீரல் பாதிப்பும் பல மணி நேரம் தொடர்ந்து சுவாசித்த பின்னரே தோன்றும். மாறாக, குருதியிலும் திசுக்களிலும் உண்டான நைட்ரஜன் குமிழிகள் சுருங்கி வெளியேற உயிர்வளி துணைபுரிகிறது. ஆகவே, நச்சாகுமென அஞ்சி அதனை மறுத்தல் பொருந்தாது.

உண்மையான இடர்கள்

முதலாவது, காலத்தாழ்வு. மூச்சு நின்றவரின் முகத்தில் முகமூடியைப் பொருத்துவதால் மட்டும் உயிர்வளி நுரையீரலை அடையாது. மீட்பவர் வெளிவிடும் மூச்சிலேயே ஏறத்தாழ 16 விழுக்காடு உயிர்வளி உண்டு. எனவே உருளைக்காகக் காத்திராமல், வாயோடு வாய் வைத்து ஊதுதலையும் மார்பழுத்தத்தையும் உடனே தொடங்குதல் வேண்டும்.

இரண்டாவது, மூச்சுப்பாதை அடைப்பு. மிகுவிசையுடன் ஊதினால் இரைப்பை உப்பி, வாந்தி மூச்சுக்குழலுள் புகக்கூடும். மூச்சு இயல்பாக உள்ளவரை ஒருக்களித்துக் கிடத்திய நிலையிலேயே உயிர்வளி அளித்தல் நன்று.

மூன்றாவது, தீ. உயிர்வளி தானே எரிவதன்று, எரிதலை மிகுவிப்பது. டீசலும் எண்ணெய்ப் பசையும் உள்ள படகில், எஞ்சினை நிறுத்திக் காற்றோட்டமான இடத்திலேயே உருளையைத் திறக்க வேண்டும்.

நான்காவது, பொய்யான நம்பிக்கை. எஞ்சின் புகை கம்ப்ரசருக்குள் இழுக்கப்பட்டால் கார்பன் மோனாக்சைடு நஞ்சேறும். விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் அந்நஞ்சேறிய குருதியையும் உயிர்வளி நிறைந்ததாகவே காட்டும். அவ்வெண்ணை நம்பி உயிர்வளியை நிறுத்துதல் ஆபத்தானது. அவ்வாறே, மயக்கம் தெளிந்ததும் நோய் நீங்கியதாகக் கருதி வீடு திரும்புவதும் தவறு. குமிழிகளின் விளைவு மீண்டும் தலைகாட்டலாம். மருத்துவமனையையும், தேவைக்கேற்ப மிகையழுத்த அறைச் சிகிச்சையையும் உயிர்வளியால் ஈடுசெய்ய இயலாது.

முடிவுரை

படகின் தளத்தில் இடர் உயிர்வளியின் நச்சுத்தன்மையில் இல்லை. அது அளிக்கப்படும் முறையிலேயே உள்ளது. மூச்சளித்தல் முதலிலும், உயிர்வளி அதனோடும், மருத்துவமனை தவறாமலும் அமைதல் வேண்டும். கரையிலிருந்து தொலைவில் தொழில் புரிவோருக்கு முதல் மருத்துவர் உடன் வந்த படகுத் தோழரே ஆதலின், இவ்வறிவு அவர்களுக்கு அவர்தம் பேச்சுவழக்கிலேயே சென்றடைதல் இன்றியமையாதது.