ஃபாதர் பிரவுன் 1974: 'ரொம்ப ஸ்லோ'ன்னு சிலர், 'இதுதான் ஒரிஜினல்'னு சிலர்... பழைய பாதிரியார் துப்பறிவாளர் சீரியலில் அப்படி என்ன இருக்கு?

சேத்தியாத்தோப்பு: ஒரு கொலை நடக்குது. போலீஸ் வருது, டாக்டர் வர்றார். ஆனா கொலையாளி யாருன்னு கண்டுபிடிப்பது கையில் குடையோடு ஓரமா நிற்கும் ஒரு பங்குத்தந்தை. இதுதான் 'ஃபாதர் பிரவுன்'. 1974-ல் பிரிட்டனில் வந்த இந்த டிவி தொடர் பற்றி, ஐம்பது வருஷம் தாண்டியும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். ஏன் இந்தச் சண்டை? நம்ம ஊர் ரசிகர்கள் இதைப் பார்க்கலாமா? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ஃபாதர் பிரவுன்?

ஆங்கில எழுத்தாளர் ஜி.கே. செஸ்டர்டன் உருவாக்கிய பாத்திரம். முதல் கதை 1910-ல் வந்தது. 1911 முதல் 1935 வரை ஐந்து தொகுப்புகள் வெளியாகின. மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட கதைகள். குள்ளமான உருவம், கொழுக்கட்டை மாதிரி உருண்டை முகம், அடிக்கடி கீழே விழும் குடை... பார்த்தால் விவரம் தெரியாத ஆள் மாதிரி இருப்பார். அதுதான் அவருடைய பலமே.

இந்தப் பாத்திரத்துக்கு ஒரு நிஜ மனிதர் தூண்டுகோல். செஸ்டர்டனின் நண்பரான அருட்தந்தை ஜான் ஓ'கானர். மனிதர்கள் செய்யும் கொடுமைகள் பற்றி அவருக்குத் தெரிந்திருந்த விஷயங்களைக் கேட்டு செஸ்டர்டனே அதிர்ந்து போனாராம். அதற்குப் பிறகு இரண்டு கல்லூரி மாணவர்கள், பாதிரியார்களுக்கு உலகத்தின் தீமை எதுவும் தெரியாது என்ற மாதிரி பேசினார்கள். செஸ்டர்டனுக்குச் சிரிப்பு வந்தது. கதைக்கான பொறியும் அங்கேதான் கிடைத்தது.

1974 தொடரில் என்ன ஸ்பெஷல்?

ஏடிவி நிறுவனம் தயாரித்தது. மொத்தம் 13 எபிசோடுகள். ஒவ்வொன்றும் தனிக்கதை. ஃபாதராக நடித்தவர் கென்னத் மோர். 1950-களில் பிரிட்டிஷ் சினிமாவில் பெரிய ஹீரோ. இந்தத் தொடரில் நடித்தபோது அவருக்குச் சுமார் 60 வயது. திருடனாக இருந்து திருந்தி, ஃபாதருக்கு நண்பராகும் ஃபிளாம்போ பாத்திரத்தில் டென்னிஸ் பர்ஜஸ் நடித்தார்.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் டிவி நிலையமே கிடையாது. சென்னை தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல்தான். அதனால் நமக்கு இது 'மலரும் நினைவு' இல்லை. செல்போனில் புதுசாகப் பார்க்கும் பழைய சீரியல்.

ரசிகர்கள் எதில் மோதுகிறார்கள்?

* வேகம்: ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது முதல் புகார். அது உண்மைதான். ஆனால் செஸ்டர்டன் கதையில் துப்பு கிடைப்பதே பேச்சில்தான். பேச்சைக் குறைத்தால் கதையும் போய்விடும்.

* செட்: உள்ளே நடக்கும் காட்சிகளை ஸ்டுடியோவில் வீடியோவாக எடுப்பது அன்றைய பிரிட்டிஷ் டிவி வழக்கம். அதனால் மேடை நாடகம் மாதிரி தெரியும். தூர்தர்ஷனின் செவ்வாய்க்கிழமை நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான்.

* ஹீரோ: கென்னத் மோர் கம்பீரமான ஆள். புத்தகத்தில் வரும் சின்ன உருவத்துக்குப் பொருந்தவில்லை என்பது ஒரு தரப்பு. அந்த அமைதியும் கனிவும் போதும் என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கு.

* கதைக்கு விசுவாசம்: பழைய தொடருக்கு அதிக ஆதரவு கிடைப்பது இதில்தான். 13 எபிசோடுகளும் செஸ்டர்டன் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

2013 வெர்ஷனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஹாரி பாட்டர் படங்களில் ரான் வீஸ்லியின் அப்பாவாக வரும் மார்க் வில்லியம்ஸை ஞாபகம் இருக்கா? அவர்தான் 2013-ல் தொடங்கிய பிபிசி தொடரின் ஃபாதர் பிரவுன். 1950-களின் ஒரு கற்பனை கிராமம், பச்சை வயல், சைக்கிள், வம்பு பேசும் பங்கு அலுவலக அம்மா என்று கலகலப்பாகப் போகும். நூறு எபிசோடுகளைத் தாண்டிய வெற்றித் தொடர். ஆனால் பெரும்பாலான கதைகள் புதிதாக எழுதப்பட்டவை. குடும்பத்தோடு ஜாலியாகப் பார்க்க இது வசதி. செஸ்டர்டன் சொல்ல வந்தது என்ன என்று தெரிய வேண்டும் என்றால் பழையதுதான் பக்கம்.

அப்படி என்ன சொல்ல வந்தார்?

சாதாரண துப்பறிவாளர் கால் தடம், சிகரெட் சாம்பல் பார்ப்பார். ஃபாதர் பிரவுனின் முறை வேறு. 'நான் இந்தக் கொலையைச் செய்திருந்தால் என் மனசு எப்படி இருந்திருக்கும்?' என்று கொலையாளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பார். 1927-ல் வந்த ஒரு கதையில் அவரே இதை விளக்குகிறார். 'நான் நல்லவன், அவன் கெட்டவன்' என்ற நினைப்பு அவரிடம் இல்லை. தானும் தவறக்கூடியவன் என்று தெரிந்தவர். அதனால்தான் தவறியவனைப் புரிந்துகொள்ள முடிகிறது.

தொடரின் முதல் எபிசோடு 'கடவுளின் சுத்தியல்' என்ற கதை. சஸ்பென்ஸை உடைக்காமல் சொன்னால், கொலையாளியைக் கண்டுபிடித்த பிறகும் ஃபாதர் ஓடிப்போய் போலீஸிடம் சொல்லவில்லை. அடுத்து என்ன செய்வது என்ற முடிவை அந்த ஆளிடமே விட்டுவிடுகிறார். 'இது நியாயமா?' என்று கேட்கத் தோணும். செத்தவனுக்கு யார் பதில் சொல்வது? அந்தக் கேள்வியைக் கிளப்பத்தான் கதையே.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஃபாதர் வெளியே சொல்லலாமா?

கூடாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி அந்த ரகசியத்தை நேரடியாக மீறும் குருவுக்குத் திருச்சபையிலிருந்து விலக்கம் வரை தண்டனை உண்டு. இந்தியாவில் இப்போதுள்ள சாட்சியச் சட்டத்திலோ, வழக்கறிஞர்-கட்சிக்காரர், கணவன்-மனைவி பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு. பாதிரியாருக்கு என்று தனிப் பிரிவு இல்லை. இந்த இழுபறி தெரிந்தால், ஃபாதர் பிரவுன் சில இடங்களில் மௌனமாக இருப்பதன் கனம் புரியும்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தமிழில் மிக அருகில் வருவது 1983-ல் வந்த 'வெள்ளை ரோஜா'. ஏ. ஜெகநாதன் இயக்கம், 'போஸ்ட்மார்ட்டம்' மலையாளப் படத்தின் ரீமேக். சிவாஜிக்கு இரட்டை வேடம். ஒருவர் பாதிரியார், இன்னொருவர் போலீஸ் அதிகாரி. கவனிச்சீங்களா? நம்ம சினிமா அங்கியையும் காக்கியையும் இரண்டு ஆளாகப் பிரித்துவிட்டது. மன்னிப்பவர் ஒருவர், பிடிப்பவர் ஒருவர். செஸ்டர்டன் இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்தார்.

'விவரம் தெரியாத மாதிரி இருக்கும் துப்பறிவாளர்' என்றால் நமக்கு தேவனின் 'துப்பறியும் சாம்பு' இருக்கிறார். தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி நடித்து வீட்டுக்கு வீடு அறிமுகமானவர். ஆனால் சாம்பு அதிர்ஷ்டத்தில் ஜெயிப்பார். ஃபாதர் பிரவுன் யோசித்து ஜெயிப்பார்.

சேத்தியாத்தோப்பு, நெய்வேலி பக்கத்து மக்களுக்கு எழுத்தும் நகைச்சுவையும் கைவந்த ஒரு ஃபாதரும் புதியவர் அல்ல. விருத்தாசலம் அருகே கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயத்தை எழுப்பிய வீரமாமுனிவர்தான் 'பரமார்த்த குரு கதை' எழுதியவர். குருவேஷத்தில் இருக்கும் முட்டாளைக் காட்டிச் சிரிக்க வைத்தார் அவர். முட்டாள் தோற்றத்தில் இருக்கும் குருவைக் காட்டி யோசிக்க வைத்தார் செஸ்டர்டன்.

சரி, எங்கிருந்து தொடங்கலாம்?

* முதலில் 'கடவுளின் சுத்தியல்'. பிடிக்குமா பிடிக்காதா என்று இதிலேயே தெரிந்துவிடும்.
* அடுத்து 'நாயின் ஆரூடம்'. எல்லோரும் நாயின் ஊளையில் அமானுஷ்யம் தேடும்போது, அதை நம்ப மறுப்பவர் பாதிரியார் மட்டும்தான்.
* ஃபிளாம்போ முதலில் வரும் 'நீலச் சிலுவை' இந்த 13-ல் இல்லை. அதைக் கதையாகப் படித்துவிடுங்கள்.

மொத்தத்தில், 'யார் செஞ்சது?' என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இந்தத் தொடர் ஸ்லோவாகத்தான் இருக்கும். 'ஏன் செஞ்சான், இனி அவன் கதி என்ன?' என்று கேட்பவர்களுக்கு 50 நிமிஷம் போதாது. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு, போனை நோண்டாமல் பார்த்துவிட்டு, நீங்கள் எந்தக் கட்சி என்று முடிவு பண்ணுங்க.