ஓசை வரும் முன்னே, ஏடு வரும் பின்னே

நூல்நிலையம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது புத்தகமன்று. ‘அமைதி காக்கவும்’ என்னும் அறிவிப்புப் பலகையே. வளர்ந்தோர்க்கு அது நன்று. ஆனால், தாயின் விரலைப் பற்றிக்கொண்டு முதன்முறையாக அவ்வாயிலில் நுழையும் நான்கு வயதுக் குழந்தையின் நிலை என்ன? வாயை மூடு, கையைக் கட்டு, அசையாதே என்றால், அது கதையையா கேட்கும்? வெளியே செல்லும் வழியையன்றோ பார்க்கும்!

இவ்வுண்மையை உணர்ந்த பல நாடுகளின் பொது நூல்நிலையங்கள், சிறுவர் கதை நேரத்தில் பாட்டுக்கும் கைதட்டலுக்கும் ஆட்டத்துக்கும் இடமளித்துள்ளன. இஃது ஏதோ மேனாட்டுப் புதுமை என எண்ணுவோரை நாம் மாத்தளைக்கு அழைக்கிறோம்.

அலுவிகாரை புகட்டும் பாடம்

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் வருவது அலுவிகாரை; அதனையும் கடந்தால் பலாபத்வல. அலுவிகாரைக் குகைக் கோயிலிலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது இலங்கையின் மரபு. அதற்குமுன் அது எங்கிருந்தது? துறவிகளின் நாவில் இருந்தது. பாணகர் எனப்பட்டோர் அதனைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டு, கூடியிருந்து ஓதியே காத்து வந்தனர். பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் அருகிவிடுவரோ என்ற அச்சம் எழுந்த பின்னரே எழுத்தாணி ஏட்டைத் தொட்டது.

அத்துணைப் பெரிய நூலே ஓசையாய் வாழ்ந்து பின்னர் ஏடாயிற்று எனின், ஒரு சிறு குழந்தையும் அவ்வழியே செல்லுதல் இயற்கையன்றோ?

கண்ணிமையும் கைநொடியும்

நம் தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. எழுத்தின் ஒலியை அளக்க வந்த இலக்கண ஆசிரியர், கண்ணிமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையுமே மாத்திரையாகக் கொண்டனர். உடலே அவர்களுக்கு அளவுகோல். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ‘கல்’ என்னும்போது கையைச் சட்டென்று தட்டி, ‘கால்’ என்னும்போது கைகளை அகல விரித்துக் காட்டினால், குறில் நெடில் வேறுபாட்டைக் குழந்தை சொல்லிக் கொடுக்காமலே உணர்ந்துகொள்ளும். சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்துக் கேட்கும் பழக்கம் வாசிப்புக்கு முதற்படி என்பது இக்காலக் கல்வி ஆய்வாளர் பலரும் ஒப்பும் முடிவு.

பிள்ளைத்தமிழைப் பாருங்கள். செங்கீரையில் குழந்தை தலை அசைத்து ஆடுகிறது. தாலில் தாலாட்டுக் கேட்கிறது. சப்பாணியில் கை கொட்டுகிறது. சிறுபறையில் பறை முழக்குகிறது. குழந்தையின் வளர்ச்சியையே இசையும் அசைவுமாகக் கண்டவர் நம் புலவர். சுவிட்சர்லாந்தின் இசையாசிரியர் டால்குரோஸ், தாளத்தை உடலசைவால் கற்பிக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தபோது, நம் தாய்மார் நெடுங்காலமாகச் செய்து வந்ததற்கே ஒரு முறைமை கண்டார் எனலாம்.

அரைமணி நேரம் போதும்

இதனைச் செய்ய இசைவாணர் வேண்டியதில்லை. தாகமுற்ற காக்கையின் கதையை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லி ஒரு வரவேற்புப் பாட்டு. பின் கைகளைச் சிறகாக்கி எல்லோரும் அறையைச் சுற்றிப் பறக்கட்டும். குடத்தில் கல் விழும்போதெல்லாம் ‘டொபுக்’ என்று தொடையில் தட்டட்டும். மாத்தளை மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் அயலவராய் வாழ்கின்றனர். ஆகவே கல்லை ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என ஒருமுறையும், ‘எக்க, தெக்க, துன’ என ஒருமுறையும் எண்ணலாம். மொழி தெரியாத பிள்ளையும் தாளத்தால் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். இறுதியில் மெல்லிய தாலாட்டு ஒன்று. மூச்சு அடங்கியதும் அதே கதைப் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பாட்டிலே கேட்டதைப் படத்திலே தேடும் அக்கண்களே நாளைய வாசகனின் கண்கள்.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். ஆட்டம் கதைக்குத் துணையாக வேண்டுமேயன்றி, கதையை விழுங்கிவிடலாகாது. கூச்சமுள்ள பிள்ளையை எழுப்பி ஆட்டுவிக்கவும் வேண்டாம். அது அமர்ந்தபடியே தாளம் போடட்டும்.

லயத்துப் பிள்ளைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளரின் மூட்டைகளில் ஏடுகள் அரிதாகவே இருந்திருக்கும். நெஞ்சிலோ பாட்டு இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்தும் தப்பு முழக்கமும் தோட்டங்களில் வேரூன்றின. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அப்பாடல்களைத் தேடித் திரட்டி, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என 1983இல் நூலாக்கினார்.

இன்றும் கொழுந்தெடுக்கவும் பால் வெட்டவும் விடியலில் புறப்படும் தாய், பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்கிறாள். அப்பிள்ளைக்கு வீட்டில் புத்தக அலுமாரி இல்லாதிருக்கலாம். ஆனால் பாட்டி பாடும் பாட்டு உண்டு. நூல்நிலையம் அப்பாட்டை உள்ளே அழைத்தால், அப்பிள்ளை அயலானாய் நில்லாது வீட்டுப் பிள்ளையாய் நுழையும். அழையாவிடின் இழப்பு இரண்டு: பிள்ளை புத்தகத்தை இழக்கும், பாட்டி மறையும் நாளில் நாம் பாட்டையும் இழப்போம்.

மலையகத்தில் தொழிலாளர் குடியிருப்புக்கு லயம் என்று பெயர். இசையில் தாளத்தின் ஒழுங்குக்கும் லயம் என்றே பெயர். பலாபத்வலப் பக்கத்துப் பெற்றோரும் ஆசிரியரும் நூல்நிலையப் பொறுப்பாளரும் வாரத்தில் ஒரு நாள், அரைமணி நேரம், அந்த அமைதிப் பலகையைச் சற்றே திருப்பி வைப்பார்களாக! பிள்ளைகள் பாடட்டும், ஆடட்டும். பின்னர் அவர்கள் புத்தகத்தை விரிக்கையில், யாரும் சொல்லாமலே அங்கு அமைதி நிலவும்.