ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் ஒரு குறி



துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே நம் தோட்டப்புறத்துப் பெரியவர்களின் முகம் மாறிவிடும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் சோதனையுமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். தோட்டத்து வேலியோரம் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளின் தோளில் தொங்கிய துப்பாக்கிதான் அவர்கள் அருகில் கண்ட துப்பாக்கி. அதை விட்டால், காட்டுப்பன்றி சுடத் துரை வைத்திருந்தது. இரண்டுமே நமக்குச் சொந்தமல்ல. இரண்டையும் கண்டு விலகி நடந்தோம்.

இன்று நம் பிள்ளைகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். தாதிமைப் பயிற்சிக்காக 1960களிலும் 1970களிலும் பிரிட்டனுக்குக் கப்பலும் விமானமும் ஏறிய நம் பெண்கள் அங்கேயே வேரூன்றிவிட்டார்கள். அவர்களுக்குப் பின் படிக்கவும் பிழைக்கவும் போனவர்கள் ஏராளம். அப்படிப் போன ஒரு பிள்ளை, "நான் இங்கே துப்பாக்கி சுடும் மன்றத்தில் சேர்ந்திருக்கிறேன்" என்று எழுதினால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பிள்ளை கெட்ட சேர்க்கையில் விழுந்துவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும்.

பயப்படுவதற்கு முன்னால் விஷயம் என்னவென்று தெரிந்துகொள்வோம். அந்தப் பிள்ளையும் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

பிஸ்லி என்னும் இடம்

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே கவுன்டியில் பிஸ்லி என்றொரு சிற்றூர் உண்டு. நெடுந்தூரக் குறிசுடும் விளையாட்டுக்கு அதுதான் தாய்வீடு. பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் 1859ஆம் ஆண்டில் தோன்றியது. மறு ஆண்டு விம்பிள்டனில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா மகாராணியே தொடக்கி வைத்தார். தாங்கியில் பொருத்திய துப்பாக்கியின் விசையில் கட்டியிருந்த கயிற்றை அவர் இழுக்க, 400 கெஜத்துக்கு அப்பால் இருந்த பலகையின் நடுவிலேயே குண்டு பாய்ந்தது. லண்டன் நகரம் வளர்ந்து விம்பிள்டனை நெருங்கவே, 1890இல் போட்டிகள் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தன. 1908, 1948 ஒலிம்பிக் பந்தயங்களின் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் பல இங்கே நடந்தன. 2002ஆம் ஆண்டு மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியின் சுடும் பந்தயங்களும் இங்கேதான்.

இங்குள்ள ஸ்டிக்கிள்டவுன் என்ற திடலில் 1,200 கெஜம் வரை சுடலாம். ஆயிரம் கெஜம் என்பது அரை மைலுக்கும் கூடுதல். ஒன்பது காற்பந்துத் திடல்களை நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்த தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை தூரத்தில் உள்ள நடுவட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டே அடி. நம் வீட்டு அரிசி புடைக்கும் முறத்தைவிடச் சற்றுப் பெரியது. அதைத்தான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சுடுகிறார்கள். 'டார்கெட் ரைபிள்' என்னும் பழைய முறையில் தூரநோக்கிக் கண்ணாடி துப்பாக்கியில் கிடையாது. சிறு துளைகள் கொண்ட குறிகாட்டி மட்டுமே. வயது ஏறி, கண்ணும் முழங்கையும் ஒத்துழைக்காதவர்களுக்கு 'எஃப் கிளாஸ்' என்றொரு பிரிவு உண்டு. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவர்சன் என்பவரின் பெயரால் வந்தது அது. அதில் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, தூரநோக்கியால் பார்த்துச் சுடலாம்.

காற்றைப் படிக்கும் கலை

கண் கூர்மையாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 7.62 மில்லிமீட்டர் குண்டு ஆயிரம் கெஜத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகிறது. அதற்குள் பூமியின் இழுப்பால் முப்பது அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். ஆகவே குழலை அந்த அளவுக்கு மேல்நோக்கிப் பிடிக்கும்படி குறிகாட்டியை உயர்த்தி வைக்கிறார்கள். இது கணக்கு, கணக்கை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

காற்றுதான் கணக்குக்குள் அடங்காதது. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, அந்தக் குண்டை ஏழெட்டு அடி தள்ளிக்கொண்டு போய்விடும். முறத்தளவு வட்டத்தைக் குறி வைத்தவன் பலகையின் ஓரத்தைக்கூடத் தொடாமல் போகலாம். திடலின் நெடுகிலும் கொடிகள் நட்டிருப்பார்கள். சுடுபவர் அந்தக் கொடிகளையும், தூரநோக்கியில் தெரியும் கானல் அலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பார்த்துக் குறிகாட்டியைத் திருகுகிறார். 'ஒரு மினிட்' திருகினால் ஆயிரம் கெஜத்தில் குண்டு பத்து அங்குலத்துக்குச் சற்று மேல் நகரும். சுட்ட பின் நோட்டில் எழுதுகிறார். மறுபடி கொடியைப் பார்க்கிறார்.

பால்மரம் சீவியவர்களுக்கு இது புரியாத பாடமல்ல. உளி ஆழமாகப் போனால் மரம் காயப்படும்; மேலோடு போனால் பால் வராது. கையில் பலம் இருப்பதைவிட அடக்கம் இருக்கவேண்டும். இருட்டோடு எழுந்து வானத்தைப் பார்த்து, இன்று மழை மரத்தை நனைக்குமா என்று முடிவு செய்த பரம்பரை நம்முடையது. இந்த விளையாட்டு கேட்பதும் அந்தப் பொறுமையைத்தான்.

எங்கே தொடங்குவது?

பிரிட்டனில் துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமை. அதன் பின்னால் கண்ணீர்க் கதைகள் உண்டு. 1987இல் ஹங்கர்ஃபோர்டு என்ற ஊரில் ஒருவன் பதினாறு பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு அரைத் தானியங்கி வகை ரைபிள்கள் பெரும்பாலும் தடை செய்யப்பட்டன. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டிலேயே கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. எனவே புதிதாகக் குடியேறியவர் கடைக்குப் போய்ப் பணத்தை நீட்டித் துப்பாக்கி வாங்கிவிட முடியாது. வழி ஒன்றுதான்: மன்றம்.

முதலில், உள்துறை அமைச்சின் அங்கீகாரம் பெற்ற மன்றமாகப் பார்த்துச் சேரவேண்டும். சேரும்போதே, தாம் சிறைத் தண்டனையால் துப்பாக்கி தொட தடை செய்யப்பட்டவர் அல்லர் என்று கையெழுத்திட்டுத் தரவேண்டும். பெயர் காவல் துறைக்கும் போகும். குறைந்தது மூன்று மாதம் தகுதிகாண் உறுப்பினராக இருந்து, பாதுகாப்பு முறைகளைப் படித்து, ஒழுங்காக வந்துபோனால்தான் முழு உறுப்பினர் ஆகலாம்.

நம்மவருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அங்கீகாரம் பெற்ற மன்றத்தின் உறுப்பினர், மன்றத்துத் துப்பாக்கியை மன்றத்தின் திடலில் சுடுவதற்குத் தனியாக அனுமதிச் சான்று தேவையில்லை. சொந்தத் துப்பாக்கி வேண்டும் என்றால்தான் காவல் துறையிடம் விண்ணப்பிக்கவேண்டும்.

அங்கேதான் புதிதாய்ப் போனவருக்கு முட்டுக்கட்டை. விண்ணப்பத்துக்கு இரண்டு பேர் நற்சாட்சி சொல்லவேண்டும். அவர்கள் பிரிட்டனில் வசிப்பவர்களாகவும், விண்ணப்பிப்பவரை இரண்டு ஆண்டுகளாவது நேரில் அறிந்தவர்களாகவும் இருக்கவேண்டும். நெருங்கிய குடும்பத்தார் சொல்லும் சாட்சி செல்லாது. நேற்று வந்து இறங்கியவருக்கு இரண்டு ஆண்டுப் பழக்கம் எங்கிருந்து வரும்? அதனால் பொறுத்திருப்பதே வழி. அந்தக் காலத்தை மன்றத்துத் துப்பாக்கியில் பழகிக் கழிக்கலாம். ஊரில் ஒரு மருத்துவரிடம் பதிந்துகொள்ளவும் வேண்டும். விண்ணப்பித்தவரின் உடல்நிலை, மனநிலை பற்றி மருத்துவரின் தகவல் இல்லாமல் சான்று கிடைக்காது.

வேறு எந்த நாட்டில் தண்டனை பெற்றிருந்தாலும் அதை மறைக்காமல் எழுதவேண்டும். காவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பூட்டும் இரும்புப் பெட்டகம் சுவரோடு பொருத்தியிருக்கவேண்டும். சாவி எங்கே இருக்கிறது என்பது கட்டிய மனைவிக்கும் தெரியக்கூடாது. வாடகை அறையில் இருப்பவர்கள் துப்பாக்கியைப் பிஸ்லியிலேயே ஆயுதக் கிடங்கில் காப்புக்கு வைக்க வழி உண்டு. சான்று ஐந்து ஆண்டுக்குச் செல்லும். எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா என்பதுவரை அதில் எழுதியிருக்கும்.

பை நிறைய வாங்காதீர்கள்

ஆசையில் எல்லாவற்றையும் முதல் மாதமே வாங்கிக் குவிப்பவர்கள் எந்த விளையாட்டிலும் உண்டு. இது செலவுள்ள விளையாட்டு. போட்டிக்கு ஏற்ற ஒரு தோட்டா ஒரு பவுனுக்கு மேல் விலை. ஒரு தூரத்தில் இரண்டு சோதனைச் சூடும் பத்துக் கணக்குச் சூடும் என்றால், பன்னிரண்டு தோட்டா கரைந்துவிடும். வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை முதலில் அந்தக் கடமையை முடித்துவிட்டுத்தான் இதற்கு ஒதுக்கவேண்டும்.

சிக்கனமாகத் தொடங்க ஒரு வழி உண்டு. ஊர் ஊருக்கு உள்ள சிறு மன்றங்களில் .22 ரக ரைபிளால் 25 கெஜத்தில், கூரைக்குக் கீழே சுடப் பழகலாம். தோட்டா மலிவு. படுக்கும் முறை, மூச்சை அடக்கும் முறை, விசையை அழுத்தும் முறை எல்லாம் அங்கேயே வந்துவிடும். காதடைப்பானை மட்டும் முதல் நாளே சொந்தமாக வாங்கிவிடுங்கள். கெட்டுப்போன காது திரும்பாது. கெட்டித் துணிச் சட்டை, கையுறை, தோள்வார், பாய் ஆகியவற்றை மன்றத்தில் இரவல் வாங்கிச் சில மாதம் பார்த்துவிட்டு, விருப்பம் நிலைத்தால் வாங்கலாம்.

திடலில் நடப்பது

திடலில் கட்டளைதான் சட்டம். கட்டளை வரும்வரை யாரும் தோட்டாவைத் தொடமாட்டார்கள். சுடாத துப்பாக்கி எப்போதும் திறந்தே இருக்கும்; உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்ட ஒரு சிறு கொடி செருகியிருக்கும். இது குண்டு இல்லாத துப்பாக்கி என்று விளையாட்டுக்குக்கூட யாரை நோக்கியும் நீட்டக்கூடாது. நீட்டியவர் அன்றோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

படுத்தவர் தோள்வாரைக் கையில் மாட்டி இறுக்குகிறார். துப்பாக்கியின் பாரத்தைத் தசை தாங்கக்கூடாது. எலும்பும் வாரும் தாங்கவேண்டும். கண்ணை மூடி ஒரு முறை மூச்சு விட்டுத் திறக்கிறார். குறி பலகையை விட்டு விலகியிருந்தால் கையால் இழுக்காமல் உடம்பையே நகர்த்துகிறார். மூச்சைப் பாதியில் நிறுத்தி, விசையை மெல்ல அழுத்துகிறார். வெடி எப்போது என்று அவருக்கே தெரியாத அளவுக்கு அழுத்தம் சீராக இருக்கவேண்டும்.

அதற்கப்புறம் பலகை கீழே இறங்கும். மண்மேட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள் துளையில் ஒரு வில்லையைச் செருகி மேலே ஏற்றுவார்கள். நடுவட்டம் என்றால் ஐந்து புள்ளி. வெளியே போகப் போக நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்போது பல இடங்களில் மின்னணுப் பலகைகள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய வழக்கம் ஒன்று மாறவில்லை. இரண்டு மூன்று பேர் ஒரே பலகையில் மாறி மாறிச் சுடும்போது, ஒருவர் புள்ளியை இன்னொருவர்தான் எழுதுவார். போட்டியாளனின் கணக்கை நேர்மையாக எழுதித் தருவது அங்கே பெரிய மரியாதை. தெரியாத ஊரில் நமக்கு நல்ல நண்பர்கள் கிடைப்பதும் இப்படித்தான்.

பெண்களுக்கும் உண்டு

இது ஆண்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் படுத்து ஒரே பரிசுக்குச் சுடும் அபூர்வமான விளையாட்டு இது. பிஸ்லியின் மிகப் பெரிய பரிசு, அரியணையில் இருப்பவர் பெயரால் அரசர் பரிசு அல்லது அரசியார் பரிசு எனப்படும். 1930இல் அதை வென்ற மார்ஜரி ஃபாஸ்டர், கோழிப்பண்ணை நடத்திப் பிழைத்தவர். படைவீரர்கள் நிறைந்த போட்டியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஓர் இராணுவ அதிகாரியை முந்தினார். அந்தப் பரிசை வென்ற முதல் பெண் அவரே. அடுத்த பெண் வெல்ல 2000ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. நம் மலேசியாவின் நூர் சுர்யானி தைபி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக ஏர் ரைபிள் போட்டியில் சுட்டதை உலகமே பார்த்தது.

ஊர் திரும்பும்போது

பெற்றோர்களே, இனிச் சொல்வதைக் கட்டாயம் பிள்ளைக்கு எழுதுங்கள்.

அங்கே சட்டப்படி வைத்திருப்பது இங்கே உயிருக்கு உலை வைக்கும். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் குற்றம். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் பதினான்கு ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். கொள்ளை போன்ற குற்றங்களில் சுட்டால் தூக்குவரை போகலாம். 2023இல் கட்டாய மரண தண்டனை நீங்கியது. ஆனால் மரண தண்டனையே நீங்கிவிடவில்லை. சிங்கப்பூரிலோ துப்பாக்கியானாலும் தோட்டாவானாலும் சட்டவிரோதமாக வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும் பிரம்படியும் உண்டு.

திடலுக்கு எடுத்துப்போகும் பையையே பயணப் பையாகவும் வைத்திருப்பவர்கள் உண்டு. சட்டைப் பையிலோ பையின் மூலையிலோ தங்கிப்போன ஒரே ஒரு தோட்டா போதும், விமான நிலையத்தில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்ற. ஆகவே திடலுக்கு ஒரு பை, பயணத்துக்கு வேறு பை என்று முதல் நாளிலிருந்தே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். தம்பிக்குக் காட்டுவதற்கென்று வெற்றுத் தோட்டாக் கூட்டைக்கூடக் கொண்டுவர வேண்டாம். புள்ளி எழுதிய அட்டையைக் கொண்டுவரட்டும். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கலாம்.

மன்றத்துக்கு அங்கீகாரம் உண்டா, பெட்டகம் பூட்டியிருக்கிறதா, வீட்டுக் கடன் அடைந்ததா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், பிள்ளையைத் தாராளமாகச் சுடப் போகவிடுங்கள்.