கணவாய்க்கு ஓய்வு கொடுத்தால் பெருகுமா?

கடந்த வாரம் விஞ்ஞான பாடத்தில் பாண்டிருப்புக் கடற்கரைப் பக்கத்து மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், இந்தியாவில மாதிரி இங்கயும் ரெண்டு மாசம் கடலுக்குப் போறத நிப்பாட்டினா கணவாய் கூடுமா?" அவனது தகப்பன் கணவாய்க்குத் தூண்டில் போடுபவர். இரண்டு மாதம் தோணி கரையில் கிடந்தால் வீட்டு நிலை என்னவாகும் என்பது அவனுக்குத் தெரியும். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணவாய் மீனைப் போன்றதல்ல. அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம்தான். முட்டையிட்டதும் பெரும்பாலும் இறந்துவிடும். சூரை, பாரை போன்றவற்றில் பல வயது மீன்கள் ஒன்றாகக் கடலில் இருக்கும்; ஒரு வருடம் குஞ்சு குறைந்தாலும் பழைய மீன்கள் ஈடுசெய்யும். கணவாய்க்கு அப்படியான சேமிப்பு இல்லை. இந்த வருடம் முட்டையிடாமல் பிடிபட்டவை அடுத்த வருடக் கணக்கில் குறையும்.

கரையோரக் கணவாய் தன் முட்டைகளை வெள்ளை விரல்கள் போன்ற கொத்துகளாகக் கடலடியில் ஒட்டிவைக்கும். அடிமட்ட இழுவை வலை தாய்க் கணவாயோடு இந்தக் கொத்துகளையும் வாரிச் செல்லும். தூண்டில் அப்படிச் செய்வதில்லை.

தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை. 2017 வரை அது 45 நாட்களாக இருந்தது. நிறுத்தப்படுவது விசைப்படகுகள்தான், நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போகலாம். இதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. அந்த இரண்டு மாதங்களில் இடப்படும் முட்டைகள் தப்புகின்றன, உண்மை. ஆனால் நமது வெப்பக் கடலில் கணவாய் ஆண்டின் பல மாதங்களில் முட்டையிடும். மற்ற மாதங்களில் இடப்பட்டவற்றுக்கு அந்தத் தடையால் பயனில்லை. தடை முடிந்ததும் எல்லாப் படகுகளும் ஒரே நாளில் இறங்கினால், வளர்ந்தவையும் விரைவில் வாரப்பட்டுவிடும்.

தென் அத்திலாந்திக்கில் உள்ள போக்லாந்துத் தீவுகளில் நாட்காட்டியை மட்டும் நம்புவதில்லை. பருவம் தொடங்குமுன் கடலில் எவ்வளவு கணவாய் இருக்கிறது என்று ஆய்வு செய்கிறார்கள். 2024இல் கையிருப்புக் குறைவாக இருந்ததால் ஒரு வகைக் கணவாயின் இரண்டாம் பருவத்தையே ரத்துச் செய்தார்கள்.

நம் நாட்டில் சிங்கி இறாலுக்குத் தடை மாதங்கள் உண்டு. அடிமட்ட இழுவை 2017 முதல் சட்டப்படி தடை. நமது கரையில் மாரிக் கொந்தளிப்பும் சில வாரங்கள் கடலை மூடிவிடுகிறது. ஆகவே தூண்டில்காரரை இரண்டு மாதம் வீட்டில் இருத்துவதற்கு முன், இருக்கிற இழுவைத் தடை முழுமையாக நடைமுறையாக வேண்டும். முட்டையிடும் இடமும் காலமும் கண்டறியப்பட வேண்டும். அதற்குப் பிறகும் தடை தேவைப்பட்டால், நிவாரணத்தோடு வரட்டும்.

எந்தெந்த மாதங்களில் வலையில் முட்டைக் கொத்து ஏறுகிறது என்று தகப்பனிடம் கேட்டு எழுதிவரும்படி அந்த மாணவனிடம் சொல்லியிருக்கிறேன்.