ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல்

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரோஸ்டேட் புரதம் கூடியிருந்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் புற்றுநோய்ச் சந்தேகம் தெரிந்தால் யூராலஜிஸ்ட் பயாப்ஸிக்கு எழுதிக்கொடுப்பார். புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசியால் வழக்கமாகப் பன்னிரண்டு துணுக்குகள் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டில் முதல்முறை சிறுநீர் கழிக்கும்போதுதான் பலருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. சிவப்பு!

மலக்குடல் வழியே பயாப்ஸி செய்துகொண்ட 1,147 ஆண்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. 35 நாட்களுக்குள் மூன்றில் இரண்டு பேர் சிறுநீரில் ரத்தம் பார்த்தார்கள். விந்தில் பார்த்தவர்கள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல். துருப்பிடித்த நிறத்தில் சில வாரங்கள்கூட அது நீடிக்கும், தானாகவே நின்றுவிடும். டாக்டரும் கூச்சப்பட்டுச் சொல்லாமல், நோயாளியும் கேட்காமல் விட்டால் வீட்டில் வீண் கலவரம்தான். கட்டிகட்டியாக ரத்தம் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரி. அடைப்புக்குச் சில நாள் கதீட்டர் தேவைப்படலாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது காய்ச்சலுக்கு. கனடாவின் ஒன்டாரியோவில், பயாப்ஸிக்குப் பின் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1996-ல் நூற்றுக்கு ஒருவர். 2005-ல் நான்கு பேர். நோயே இல்லாதவர்கள்! பெரும்பாலும் காரணம் கிருமித்தொற்று. மலக்குடலைத் துளைத்துப் போகும் ஊசி அங்குள்ள இ.கோலை பாக்டீரியாவையும் கூட்டிப்போகிறது. முன்பு சிப்ரோஃப்ளாக்ஸாசின் மாத்திரைக்கு அடங்கிய கிருமி, இப்போது பல இடங்களில் அடங்குவதில்லை. இந்தியாவில் இந்த எதிர்ப்பு மிக அதிகம்.

அதனால் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், ‘ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுப்போம், காலையில் பார்க்கலாம்’ என்பது ஆபத்து. ரத்தத்தில் கிருமி பரவிவிட்டால் சில மணி நேரமும் பெரிது. சர்க்கரை நோயாளிகளும் சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களும் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாற்று வழியும் இருக்கிறது. விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியே ஊசியைச் செலுத்துவது. அமெரிக்காவில் 658 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2024-ல் வெளியான ஆய்வில், இந்த வழியில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. முன்கூட்டியே ஆன்டிபயாடிக்கும் கொடுக்கவில்லை. கிருமியைச் சோதித்து, அதற்கேற்ற மருந்து கொடுத்தும் மலக்குடல் வழியில் நான்கு பேருக்கு வந்தது. செய்யும்போது வலி மட்டும் கொஞ்சம் கூடுதல். ஐரோப்பிய யூராலஜி சங்கமும் இந்தத் தோல் வழியையே பரிந்துரைக்கிறது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரத்தப்போக்குக்குப் பயந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் யூராலஜிஸ்டும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.