உண்ணியும் ஞமலியும்

வீரமுனையில் எம் இல்லத்துத் திண்ணையை ஏழாண்டுகள் காத்த நாய் சென்ற மாரிக்குப் பின் உயிர் நீத்தது. நாய்க்குட்டியைக் 'குருளை' எனக் கூறும் தொல்காப்பிய மரபையும், 'ஞமலி', 'ஞாளி' என்னும் பழம்பெயர்களையும் வகுப்பில் விரித்துரைக்கும் யான், என் வாயிலிற் கிடந்த ஞமலியின் நோயை அறிந்திலேன். அவ்வறியாமையை மறையாது உரைத்தல் கடனெனக் கருதியே இதனை வரைகின்றேன்.

முதலில் அஃது உணவை வெறுத்தது, பின்னர்க் காய்ச்சல் கண்டது, ஈறு வெளுத்தது. அயலார் நாவூறு என்றனர். யானோ முதுமை என்றேன். காதுமடலில் ஆமணக்கு வித்தெனப் பருத்த உண்ணிகளைக் கண்டும், "உண்ணியில்லா நாயும் உண்டோ?" என வாளாவிருந்தேன். கல்முனையிலிருந்து கால்நடை வைத்தியரை அழைத்த போது காலங் கடந்துவிட்டது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் நோக்கிய அவர், "செங்குழியங்களுக்குள் பபேசியா இருக்கிறது, ஐயா" என்றார்.

இக்கிருமியினத்தை மாட்டின் இரத்தத்தில் 1888இல் கண்டவர் ருமேனிய நாட்டு விக்டர் பாபெஸ். அவர் பெயரே இதற்கு அமைந்தது. மாட்டுக் காய்ச்சலை உண்ணியே பரப்புகின்றது என 1893இல் அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்போர் நிறுவினர். நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ரொஸ் கண்டதோ அதன் பின்னர், 1897இல். நாய்களைத் தாக்கும் 'பபேசியா கிப்சோனி' தமிழ்மண்ணிலேயே அறியப்பட்டது என்பது நம்மவர் பலர் அறியாதது. சென்னை வேட்டைச் சங்கத்து நாய்களின் இரத்தத்திலும், பின்னர் நரியின் இரத்தத்திலும் அதனைக் கண்டு 1910இல் வெளியிட்டவர் பற்றன் என்பார்.

உண்ணியின் உமிழ்நீர் வழியே புகும் இக்கிருமி செங்குழியங்களிற் பெருகி அவற்றைச் சிதைக்கும். குருதி குன்றும், மண்ணீரல் வீங்கும். மருந்தால் நோய் தணிந்தாலும், கிருமி உடலில் மறைந்திருந்து மீளத் தலைதூக்குவதுண்டு. ஆதலின் வருமுன் காத்தலே வழி. உண்ணி கடித்தவுடனே இக்கிருமி புகுந்துவிடுவதில்லை. பெரும்பாலும் ஓரிரு நாள் உறிஞ்சிய பின்னரே புகும். எனவே நாள்தோறும் காதுமடல், கழுத்து, விரலிடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்த்து, உண்ணியைத் தோலோடு ஒட்டச் சிறு இடுக்கியாற் பற்றி நேரே இழுத்தெடுக்க வேண்டும், விரலால் நசுக்கலாகாது. நாயுண்ணி சுவர்வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்; ஆதலின் நாயைப் போன்றே அது படுக்கும் இடத்தையும் பேணவேண்டும். உண்ணிகொல்லி மருந்தை வைத்தியரிடம் கேட்டே இடுதல் நன்று.

'உண்' என்னும் பகுதியிற் பிறந்த பெயர் உண்ணி என மாணவர்க்குப் பலகால் கற்பித்தேன். உண்பதோடு அமையாது அது நோயைக் கொடுத்துஞ் செல்லும் என்பதை என் நாயின் உயிர் கொடுத்தன்றோ கற்றேன்! இன்று வாயிலில் வேறொரு குருளை வளர்கின்றது. மாலையில் ஏடு விரிக்குமுன் என் விரல்கள் அதன் காதுமடலைத் தடவுகின்றன.