பட்டத்திற்கு முன்னே பணிக்கு ஆயத்தம்

கல்லூரியின் இறுதித் தேர்வு முடிந்து, முடிவுகளை எதிர்நோக்கி மாணவர்கள் காத்திருக்கும் நாட்களில் பல இல்லங்களில் ஒரே கேள்வி எழுகின்றது: ‘படிப்பு முடிந்தது, இனி என்ன செய்யப் போகிறாய்?’ கேட்பவர் தந்தையாக இருக்கலாம்; தாய்மாமனாக இருக்கலாம்; அண்டை வீட்டுப் பெரியவராகவும் இருக்கலாம். கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. அது கேட்கப்படும் காலந்தான் பிந்திவிட்டது. கல்லூரியில் அடியெடுத்து வைத்த முதல் ஆண்டிலேயே மாணவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

பட்டம் என்பது யாது? குறித்த பாடங்களை ஒருவர் முறையாகப் பயின்று தேறினார் என்று பல்கலைக்கழகம் அளிக்கும் சான்று. அதன் மதிப்பைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. பல பணிகளுக்கு அதுவே திறவுகோல். ஆயினும், பணி தருபவர் ‘என்ன படித்தீர்கள்?’ என்று தொடங்கி, சிறிது நேரத்தில் ‘என்ன செய்திருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு வந்து சேர்கின்றார். முதற் கேள்விக்குச் சான்றிதழ் விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு மாணவரே விடை சொல்ல வேண்டும். அந்த விடையைக் கல்லூரி நாட்களிலேயே தேடி வைத்துக்கொள்வதைத்தான் ஆயத்தம் என்கிறோம்.

கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்றாகும். கும்பகோணம் அரசினர் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்ற அவர், கணிதம் ஒழிந்த பாடங்களில் கருத்தைச் செலுத்தாமையால் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமின்றி வேலை தேடிய அவரிடம் இருந்தவை, தாம் கண்ட முடிவுகளை வரிசையாக எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளே. 1910ஆம் ஆண்டில், திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரிடம் அவற்றைக் காட்டினார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். குறிப்பேட்டின் சிறப்பை உணர்ந்த ஐயர், சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் இராமானுஜனுக்குக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மறு ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது.

‘அவர் மேதை, நாங்கள் அத்தகையோர் அல்லவே’ என்று நீங்கள் கூறலாம். மேதைமை எல்லோருக்கும் வாய்ப்பதன்று. குறிப்பேடு எல்லோருக்கும் வாய்க்கும். பாடங்களைப் புறக்கணிக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தேர்வில் தேறாமையால் அவர் பட்ட வறுமைத் துன்பம் எவருக்கும் வரவேண்டா. செய்த வேலையைப் பிறர் கண்டு மதிப்பிடத்தக்க வடிவில் வைத்திருப்பவர், அறிமுகம் இல்லாத இடத்திலும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள இயலும் என்பதே நாம் இங்குக் கொள்ளத்தக்க கருத்து.

மூன்று ஆண்டுப் படிப்பில் இந்த ஆயத்தத்தை எவ்வாறு பகுத்துக்கொள்ளலாம்? முதல் ஆண்டைத் தொழில்களை அறிவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை என்றவுடன் மருத்துவரும் செவிலியரும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆய்வுக்கூடத்தில் குருதியைச் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், நோயாளிகளின் ஆவணங்களைப் பேணுபவர், மருந்துக் கொள்முதலைக் கவனிப்பவர், காப்பீட்டுக் கணக்கைச் சரிபார்ப்பவர் என்று அங்கே எத்தனையோ பேர் பணிபுரிகின்றனர். துறைமுகமும் வங்கியும் நூற்பாலையும் அவ்வாறே. உங்கள் உறவினரோ, கல்லூரியின் முன்னாள் மாணவரோ பணிபுரியும் இடத்துக்கு இசைவு பெற்றுச் செல்லுங்கள். ‘காலை முதல் மாலை வரை நீங்கள் செய்யும் வேலை என்ன? இதற்கு எதைக் கற்றிருக்க வேண்டும்? இதில் உள்ள இடர்ப்பாடு என்ன?’ என்று பணிவோடு கேளுங்கள். விளம்பரங்கள் சொல்லாத செய்திகள் கிடைக்கும்.

இரண்டாம் ஆண்டில் செய்து பார்க்கத் தொடங்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. வணிகவியல் மாணவர் தம் தெருவிலுள்ள சிறு கடையின் ஓராண்டு வரவு செலவை ஒழுங்குபடுத்தித் தரலாம். தாவரவியல் மாணவர் கல்லூரி வளாகத்து மரங்களைத் தமிழ்ப் பெயரும் அறிவியற் பெயரும் இட்டு அட்டவணை செய்யலாம். வரலாற்று மாணவர் தம் ஊர் ஏரியைப் பற்றி முதியோர் கூறுவனவற்றைத் தொகுத்து, அரசு ஆவணங்களோடு ஒப்பிடலாம். கணினி மாணவர் கல்லூரி நூலகத்துக்குப் பயன்படும் ஒரு செயலியை ஆக்கலாம். வேலை சிறிதாயினும் முடிந்ததாக இருக்க வேண்டும். என்ன செய்தோம், எங்கே தடுமாறினோம், எவ்வாறு திருத்தினோம் என்பதை இரண்டு பக்கங்களில் எழுதி வையுங்கள். இதுவே உங்கள் குறிப்பேடு.

கல்லூரியில் கிடைக்காத பாடங்களைக் கற்கவும் இன்று வழி உண்டு. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களையும், மத்திய அரசு 2017இல் தொடங்கிய சுவயம் தளத்தின் பாடங்களையும் இணையத்தில் கட்டணமின்றிப் பயிலலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிகளில் திறன் பயிற்சிகளைப் பாடத்தோடு இணைத்துள்ளது. எனினும், சான்றிதழ்களைக் குவிப்பதில் பயனில்லை. ஒன்றைக் கற்று, அதைக்கொண்டு ஒரு வேலையை முடித்துக் காட்டுவதே பயன் தரும்.

மூன்றாம் ஆண்டில் பணிக்களத்தின் வாயிலை அணுக வேண்டும். தொழிற் பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. 1973இல் செய்த திருத்தத்தால் பொறியியற் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றோரும் அதன் வரம்புக்குள் வந்தனர். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பிற பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. பழகுநராகச் சேர்பவர் ஒரு நிறுவனத்தில் வேலையைக் கற்றுக்கொண்டே மாதந்தோறும் உதவித்தொகை பெறுகின்றார். சென்னைத் தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம் பட்டதாரிகளுக்கான இப்பயிற்சியைக் கவனித்து வருகின்றது. பட்டம் பெற்றபின் சேரக்கூடிய இப்பயிற்சியைப் பற்றி இறுதி ஆண்டிலேயே விசாரித்து அறிந்திருப்பவர், காலத்தை இழப்பதில்லை.

அரசுப் பணியை நாடுவோருக்கு ஒரு சொல். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தன் பாடத்திட்டங்களை வெளிப்படையாக அறிவிக்கின்றது. மத்தியக் குடிமைப் பணிகளுக்கான முதல்நிலைத் தேர்வை, வயது வரம்புக்கு உட்பட்ட இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். ஆதலால் படிக்கும்போதே நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது அறிவுடைமை. ஆனால், இடங்கள் சில. எழுதுவோர் மிகப் பலர். எத்தனை முறை எழுதுவது, எந்த வயது வரை எழுதுவது என்று முன்னரே வரையறுத்துக்கொள்ளுங்கள். கைவசம் மற்றொரு தொழில் இருப்பவருக்குத் தோல்வி ஒரு தடை. அது இல்லாதவருக்கோ, இளமையின் நல்ல ஆண்டுகளே கரைந்துபோகும் இழப்பு.

செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க ஆள் உண்டு. தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவருக்கு அத்தகைய துணை இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வீட்டில் வசதியும் இல்லை. அவர் பொருட்டுத்தான் இவ்வளவும் கூறினோம். அவருக்காகப் பேச ஆள் இல்லாத இடத்தில், அவர் செய்த வேலை பேசும். அந்த வேலையைத் தொடங்குவதற்குப் பட்டமளிப்பு விழா வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை. இந்த விடுமுறையே போதும். ஒரு குறிப்பேடு போதும்.